பழைய தொட்டி மண்ணுக்குப் புத்துயிர்

ஏரிகள் மலிந்த காஞ்சிபுரம் மாவட்டத்தில், ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் அமைந்துள்ளது வல்லம் வடகால். சிப்காட் தொழிற்பூங்காவினால் இவ்வூரின் பெயர் இன்று நாடெங்கும் அறியப்பெற்றுள்ளது. 2017-இல் இங்கு மோட்டார் சைக்கிள் ஆலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. 2024 ஆகஸ்டில், 18,720 பெண் தொழிலாளர் தங்கத்தக்க குடியிருப்புத் தொகுதி திறக்கப்பெற்றது. உண்போர் தொகை பெருகுகின்றது. உழும் நிலமோ சுருங்குகின்றது. இத்தகைய ஊர்களில் வீட்டுக் கொல்லையில் வைக்கும் தொட்டியும், மாடியில் அடுக்கும் பையுமே காய்கறி விளையும் நிலமாக அமைய வேண்டியுள்ளது.

ஆனால், தொட்டித் தோட்டம் போடுவோரிடையே வீண் செலவு ஒன்று வழக்கமாகிவிட்டது. இரண்டு போகம் முடிந்து செடி சோர்ந்ததும், "மண் செத்துவிட்டது" என்று கூறிப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, செம்மண்ணை விலைக்கு வாங்குகின்றனர். அம்மண் வேறோர் ஊர் நிலத்தின் மேல்மண்ணே. ஓர் அங்குல மேல்மண் இயற்கையில் உருவாவதற்குப் பல நூறு ஆண்டுகள் வேண்டும். மற்றோர் இடத்தைப் பள்ளமாக்கி நம் தொட்டியை நிரப்புவது சிக்கனமும் ஆகாது, அறமும் ஆகாது. உண்மையில் பழைய மண் சாகவில்லை, பசித்திருக்கின்றது. அதற்கு உணவும் துணையும் அளித்தால் மீண்டும் விளைச்சல் தரும்.

மண் களைப்பது ஏன்?

தொட்டி மண்ணின் சத்தைச் செடி உறிஞ்சுகின்றது; நீரும் அதனை அடித்துச் செல்கின்றது. மக்கு கரைந்து, தென்னை நார்க்கழிவு சிதைந்து, மண் இறுகுகின்றது. உவர்நீர் பாய்ச்சினால் உப்புப் படிகின்றது. ஒரே இனப் பயிரை மீண்டும் மீண்டும் இட்டால், அப்பயிரின் நோய்க் கிருமிகளும் நூற்புழுக்களும் மண்ணில் பெருகுகின்றன. இவை யாவும் திருத்தத்தக்க குறைகளே. இத்திருத்தத்தில் நமக்குப் பேருதவி புரிபவை இரு வகைப் பூசணங்கள்.

வேரின் துணைவன்

முதலாவது, 'வேம்' என்று உழவர் வழங்கும் வேர் உட்பூசணம். வேருக்குள் குடிபுகுந்து, மெல்லிய நூலிழைகளை மண்ணில் நெடுந்தூரம் பரப்பி, வேருக்கு எட்டாத மணிச்சத்தையும் நீரையும் இது கொணர்ந்து தருகின்றது. கைம்மாறாகச் செடியிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றது. பூசணமும் வேரும் கூடி வாழும் இவ்வுறவுக்கு 1885-இல் பெயரிட்டவர் ஜெர்மானிய அறிஞர் ஃபிராங்க். 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றி, இந்தூர்க் கம்போஸ்டு முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவர்டு, தம் 1940-ஆம் ஆண்டு நூலில் இவ்வுறவின் சிறப்பை வலியுறுத்தியுள்ளார்.

உயிருள்ள வேரின்றி இப்பூசணம் பெருகாது. ஆதலின், நோயற்ற செடி வளர்ந்த பழைய மண்ணில் இதன் வித்துகள் ஏற்கெனவே இருக்கக்கூடும். இவ்வகையில் அது புதிதாக வெட்டி எடுத்த மண்ணினும் செல்வம் மிக்கது. இரு போகங்களுக்கிடையே தொட்டியை வெறுமையாக விடாமல், மக்காச்சோளமோ தட்டைப்பயறோ விதைத்து வைத்தால் பூசணம் வாழும். சிறிதளவு வேம் இட்டு மக்காச்சோளத்தை 60 நாள் வளர்த்து, தண்டை அறுத்துவிட்டு, வேரை நறுக்கி அம்மண்ணோடு கலந்தால், அதுவே மற்றத் தொட்டிகளுக்கு உறைமண் ஆகும். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோசு ஆகியவை இதனோடு உறவு கொள்வதில்லை. அவற்றுக்கு இதனை இட்டுப் பயனில்லை.

காவற்பூசணம்

இரண்டாவது டிரைக்கோடெர்மா விரிடி. வேரழுகல், நாற்றழுகல் ஆகியவற்றை உண்டாக்கும் தீய பூசணங்களைச் சுற்றிப் படர்ந்து இது அழிக்கின்றது. 2021-ஆம் ஆண்டு இறுதியில் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற மாடித் தோட்டத் தளை வழங்கும் திட்டத்தில், விதை, பை, நார்க்கழிவுக் கட்டி ஆகியவற்றுடன் உயிர் உரமும் உயிரியல் நோய்க்கட்டுப்பாட்டுப் பொருளும் இடம்பெற்றன.

செய்முறை

1. மண்ணைக் கொட்டி உதிர்த்து, வேரை ஆராய்க. நோயற்ற மெல்லிய வேர்களை நறுக்கி மண்ணிலேயே விடலாம். முடிச்சு முடிச்சாகப் புடைத்த வேர்கள் நூற்புழுவின் அறிகுறி, அவற்றை அப்புறப்படுத்துக.

2. மண்மேல் வெண்ணிற உப்புப் படிந்திருந்தால், நல்ல நீரை இருமுறை, மும்முறை நிறைய ஊற்றி வடியவிடுக.

3. நூற்புழுவோ வாடல் நோயோ கண்ட மண்ணை நனைத்து மெல்லியதாகப் பரப்பி, நிறமற்ற பாலித்தீன் தாளால் இறுக மூடிக் கோடை வெயிலில் 4 முதல் 6 வாரம் வைத்திடுக. இவ்வெப்பம் நல்ல பூசணங்களையும் குறைக்குமாதலால், பூசணம் இடுவது இதற்குப் பின்னரே ஆக வேண்டும். வாடல் கண்ட மண்ணில் கத்தரி, தக்காளி, மிளகாய் ஆகியவற்றை உடனே மீண்டும் இடலாகாது.

4. நன்கு மக்கிய தொழு உரம் 10 கிலோவுடன் டிரைக்கோடெர்மா 100 கிராம் கலந்து, ஈரம் தெளித்து, நிழலில் குவித்து, நனைந்த சாக்கால் மூடுக. மூன்று நாளைக்கொரு முறை கிளறி, 15 நாள் வைத்திருக்க.

5. பழைய மண் இரண்டு கூடைக்கு இவ்வுரம் ஒரு கூடை. பை ஒன்றுக்கு வேப்பம் பிண்ணாக்கு ஒரு கைப்பிடி. கலந்து, ஈரம் காயாமல் பத்து நாள் விட்டு நடுக.

6. வேம் உரத்தை மேலே தூவுவதால் பயன் குறைவு. விதைக்கும் நாற்றுக்கும் அடியில், வேர் தொடுமாறு இடுக.

கருத்திற் கொள்ள வேண்டியவை

உரம் கலந்த மண்ணில் வெண்ணூல் போன்ற படர்ச்சியோ, பச்சைப் பொடி போன்ற பூப்போ கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மக்கும் மண்ணில் அது இயல்பு. ஆனால், செடியின் அடித்தண்டில் வெண்படலம் சூழ்ந்து, கடுகு போன்ற பழுப்பு மணிகள் தோன்றினால் அது தண்டழுகல் நோயாகும். அம்மண்ணை உடனே பிரித்து விலக்குக. பூசணக்கொல்லி மருந்துகளை நற்பூசணங்களோடு சேர்த்து இடலாகாது. சூப்பர் பாஸ்பேட்டை மிகுதியாக இட்டால் வேம் வேரில் குடிபுகாது. உயிர் உரப் பொட்டலத்தின் காலாவதி நாளைப் பார்த்தே வாங்க வேண்டும். அதனை வெயிலில் வைத்தல் கூடாது.

பத்துப் பைகளின் மண்ணைத் திருத்துவது ஒரு குடும்பத்துக்கு ஒருநாள் வேலை. பின்னர் வேண்டுவது பொறுமையே. மகளிர் குழுவினர் பலர் கூடி, உறைமண்ணையும் ஊட்டமேற்றிய தொழு உரத்தையும் பொதுவில் தயாரித்துப் பகிர்ந்துகொண்டால் செலவு மேலும் குறையும். ஐயம் எழின் வட்டாரத் தோட்டக்கலை அலுவலரை அணுகலாம். வயல்கள் குறைந்துவரும் ஊரில், கையிலிருக்கும் ஒரு கூடை மண்ணைக் காப்பதும் விவசாயமே.