தானியங்கிச் சுக்கானி

சுக்கான் என்னும் சொல் அரபியிலிருந்து தமிழுக்கு வந்தது. மாலுமியும் அப்படித்தான், அரபியில் முஅல்லிம், மலாயில் மாலிம், தமிழில் மாலுமி. கடற்சொற்கள் துறைமுகம் துறைமுகமாக ஏறி இறங்கியவை. 'டில்லர் பைலட்' என்னும் கருவிக்கு மட்டும் தமிழில் ஒரு பெயர் இன்னும் ஊன்றவில்லை. இக்கட்டுரைக்காக அதைத் 'தானியங்கிச் சுக்கானி' என்றே அழைக்கிறேன்.

போர்ட் டிக்சனில் நான் ஓட்டும் பாய்மரப் படகு 24 அடி நீளம். அதில் சக்கரம் கிடையாது. சுக்கானோடு இணைந்த மரக் கைத்தண்டைப் பிடித்துத்தான் திருப்ப வேண்டும். தனியாகப் போகிறவருக்குப் பாயைச் சுருக்க வேண்டும், வரைபடம் பார்க்க வேண்டும், ஒரு வாய் தண்ணீர் குடிக்க வேண்டும். தண்டை விட்டால் படகு திரும்பிவிடும். அதைப் பிடித்துக்கொள்ளத்தான் இந்தக் கருவி.

முழங்கை நீளக் குழாய் போன்றது அது. உள்ளே ஒரு மின் திசைகாட்டி, ஒரு 12 வோல்ட் மோட்டார், ஒரு திருகு. படகு குறித்த திசையிலிருந்து விலகினால் மோட்டார் திருகைச் சுழற்றும், கம்பி நீளும் அல்லது சுருங்கும், தண்டு நகரும்.

பொருத்துவதில் உயிர்நாடி இரண்டு அளவுகள். பரவலாகப் பயன்படும் ரேமரின் எஸ்டி1000 கருவிக்கு, சுக்கான் அச்சிலிருந்து தண்டின் மேலுள்ள முளைவரை 460 மில்லிமீட்டர்; அந்த முளையிலிருந்து படகின் பக்கத்தில் கருவி அமரும் குழிவரை 589 மில்லிமீட்டர். தண்டு நடுவில் நிற்கும்போது கருவி அதற்குச் செங்கோணமாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். முளையை அச்சுக்கு அருகே கொண்டுபோனால் நெம்பும் வலு குறைந்து மோட்டார் திணறும். தள்ளி வைத்தால் கம்பி முழுதாக நீண்டாலும் சுக்கான் போதிய அளவு திரும்பாது. ஆகவே துளையிடுமுன் அட்டையில் வெட்டி வைத்துப் பார்ப்பது நல்லது. குழி இருக்கும் இடத்தில் கண்ணாடியிழை மெல்லியதாக இருந்தால் அடியில் கெட்டி மரத்துண்டு வைத்து எபாக்சி பசையால் ஒட்ட வேண்டும். அலையின் உதை முழுவதும் அங்கேதான் விழும்.

திசைகாட்டிக்கு இரும்பு பகை. ஒலிபெருக்கியை மட்டுமல்ல, சார்டின் டின்கள் அடுக்கிய பெட்டியையும் தள்ளி வையுங்கள்!

இது காற்றை அறியாது, திசையை மட்டுமே அறியும். பின்காற்றில் ஓடும்போது காற்று சற்றே மாறினாலும் கருவி பழைய திசையிலேயே விடாப்பிடியாகச் செல்லும்; பாயின் அடிக்கட்டை திடீரென மறுபக்கம் வீசியடிக்கும். 'சுமத்ரா' எனப்படும் அதிகாலைப் புயற்காற்று நம் கரையில் அத்தகையது. மேற்கே வானம் கறுத்தால் நான் கருவியைக் கழற்றிவிடுவேன்.

இனி முக்கியமான ஒன்று. கைத்தண்டைப் பிடித்திருப்பவர் கடலில் விழுந்தால், பெரும்பாலான பாய்மரப் படகுகள் தாமாகக் காற்றை நோக்கித் திரும்பி வேகம் குறையும். தானியங்கிச் சுக்கானி இருந்தால் அந்த வாய்ப்பும் இல்லை. படகு 5 நாட் வேகத்தில் நேராகப் போய்க்கொண்டே இருக்கும். ஒரு நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 46.40 விநாடியில் நீந்தி உலகச் சாதனை படைத்தவரின் வேகம்கூட 5 நாட்டை எட்டாது.

எனவே கருவியை வாங்கும்போதே மார்புப் பட்டையும் கொக்கியுள்ள கயிறும் வாங்க வேண்டும் என்பேன். சிலர் கருவியில் மெல்லிய கயிறு கட்டிப் படகின் பின்னால் இழுத்துச் செல்வார்கள்; விழுந்தவர் பற்றி இழுத்தால் கருவி முளையிலிருந்து கழன்றுவிடும். நல்ல யோசனைதான். ஆனால் ஓடும் படகின் கயிறு ஈரக்கையில் வழுக்கும். நான் அதையும் கட்டுகிறேன், மார்புக் கயிற்றையும் மாட்டுகிறேன்.