ஆண்களின் மார்புப் பருமன்: சத்திரசிகிச்சை யாருக்கு, எப்போது, எப்படி?

எங்கள் வீடுகளில் நீரிழிவு பற்றிப் பேசுவோம், இரத்த அழுத்தம் பற்றிப் பேசுவோம். ஆனால் ஒரு ஆணின் மார்பு பெண்ணின் மார்பைப் போலப் பருத்துவிட்டால் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பதினான்கு வயதுப் பையன் கோயிலுக்கு வர மறுப்பான். கேட்டால் வீட்டுப்பாடம் இருக்கிறது என்பான். மேற்சட்டையைக் கழற்றிவிட்டு நிற்க வேண்டுமே என்பதுதான் உண்மையான காரணம். பாடசாலையில் நீச்சல் உள்ள நாளில் அவனுக்கு வயிற்றுவலி வரும். கோடை வெயிலிலும் தடித்த ஜக்கெற்றோடு திரிவான். பெற்றோர் இதைச் சோம்பல் என்றோ அடம் என்றோ நினைத்து விடுவதுண்டு.

இந்த நிலைக்கு மருத்துவத்தில் கைனக்கோமாஸ்ரியா என்று பெயர். 'பெண்', 'மார்பு' என்ற இரு கிரேக்கச் சொற்கள் சேர்ந்து உருவான சொல் இது. நோயும் புதிதல்ல, சிகிச்சையும் புதிதல்ல. ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஈஜினாத் தீவைச் சேர்ந்த பவுல் என்ற கிரேக்க வைத்தியர் ஆண்களின் மார்பைச் சத்திரசிகிச்சையால் குறைக்கும் முறையை எழுதி வைத்திருக்கிறார்.

கொழுப்பா, சுரப்பியா?

ஆண்களுக்கும் முலைக்காம்பின் பின்னால் சிறிதளவு பால்சுரப்பித் திசு உண்டு. ஆண் உடலில் ரெஸ்ரோஸ்ரெரோன் என்ற ஆண் ஹோர்மோனும் சிறிதளவு ஈஸ்ரஜன் என்ற பெண் ஹோர்மோனும் சேர்ந்தே இருக்கின்றன. இவற்றின் சமநிலை குழம்பி ஈஸ்ரஜனின் கை ஓங்கினால் இந்தத் திசு வளரத் தொடங்கும்.

உடல் பருத்தவர்களின் மார்பில் வெறும் கொழுப்பு மட்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. வித்தியாசத்தை ஓரளவு நீங்களே அறியலாம். மல்லாந்து படுத்து, பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் இருபுறமும் இருந்து காம்பை நோக்கி மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். காம்பின் நேர் கீழே றப்பர் போன்ற வட்டமான தட்டு ஒன்று தட்டுப்பட்டால் அது சுரப்பி. எல்லாமே மெத்தென்று இருந்தால் பெரும்பாலும் கொழுப்பு. கொழுப்பு, உடல் நிறை குறையும்போது குறையக்கூடும். நெடுங்காலம் இருந்து இறுகிப்போன சுரப்பி உடற்பயிற்சியால் கரையாது.

காரணத்தை முதலில் தேட வேண்டும்

வாழ்க்கையில் மூன்று பருவங்களில் இது இயல்பாகவே வரலாம். முதலாவது, பிறந்த குழந்தை. தாயின் ஹோர்மோனால் வரும் இந்த வீக்கம் தானாகவே போய்விடும். சில பாட்டிமார் 'பால் எடுப்பது' என்று குழந்தையின் மார்பைப் பிதுக்குவார்கள். கிருமி தொற்றிச் சீழ் பிடிக்கும் என்பதால் இதைச் செய்யவே கூடாது. இரண்டாவது, பருவமடையும் வயது. ஏறக்குறைய பாதிப் பையன்களுக்கு ஏதோ ஓர் அளவில் இது ஏற்படுகிறது. பெரும்பாலானோருக்கு ஆறு மாதம் முதல் இரண்டு வருடங்களுக்குள் மறைந்துவிடும். மூன்றாவது, ஐம்பது வயதுக்கு மேல்.

இவை தவிர மருந்துகளும் காரணமாகலாம். இதய நோய்க்குக் கொடுக்கப்படும் ஸ்பைரோனோலக்ரோன், தலைமயிர் உதிர்வுக்கும் புறொஸ்ரேற் வீக்கத்துக்கும் பாவிக்கும் பினாஸ்ரரைட், மனநோய்க்குரிய றிஸ்பெரிடோன் ஆகியன சில உதாரணங்கள். எந்தக் குளிசையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வைத்தியரைக் கேட்டே மாற்ற வேண்டும். தசையை வளர்க்க உடற்பயிற்சி நிலையங்களில் இரகசியமாகக் கைமாறும் ஸ்ரீரோயிட் ஊசிகளும் குளிசைகளும் இளைஞர்களிடையே முக்கிய காரணம். கட்டுடலுக்காக எடுத்த மருந்தே மார்பைப் பருக்க வைத்துவிடுகிறது.

ஈரல் சுருக்கம், சிறுநீரகச் செயலிழப்பு, தைரொயிட் மிகைச் சுரப்பு, விதைகளில் வரும் கட்டி ஆகியவற்றின் அடையாளமாகவும் இது தோன்றலாம். நீண்ட பட்டினிக்குப் பிறகு நல்ல உணவு கிடைக்கும்போதும் வரலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் விடுதலையான போர்க்கைதிகளில் இதை வைத்தியர்கள் கண்டார்கள். முகாம்களில் இருந்தும் சிறைகளில் இருந்தும் வந்து சேர்ந்த எங்கள் மக்களுக்குப் பட்டினி என்பது புத்தகத்தில் படித்த விடயம் அல்ல.

எனவே வைத்தியர் மார்பை மட்டும் பார்த்து விட்டுவிடமாட்டார். விதைகளையும் பரிசோதிப்பார், தேவையானால் குருதிப் பரிசோதனைக்கும் ஸ்கானுக்கும் அனுப்புவார். பையன்களே, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அம்மாவை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாகப் பேசவும் உங்களுக்கு உரிமை உண்டு.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்

மார்புப் புற்றுநோயாளர்களில் ஏறக்குறைய நூற்றில் ஒருவர் ஆண். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம்:

- ஒரு பக்கத்தில் மட்டும், காம்பின் நேர் கீழே இல்லாமல் விலகி இருக்கும் கடினமான கட்டி
- காம்பில் இருந்து இரத்தமோ நீரோ வடிதல்
- காம்பு உள்ளிழுக்கப்படுதல், தோலில் புண் அல்லது குழி
- அக்குளில் கட்டி

சத்திரசிகிச்சை முறைகள்

காரணத்தை நீக்கிய பின்னரும், ஒன்று இரண்டு வருடம் பொறுத்த பின்னரும் மார்பு குறையாவிட்டால்தான் சத்திரசிகிச்சை பற்றிப் பேச வேண்டும். ஆரம்ப நிலையில் வலியோடு வளரும்போது தமொக்சிபன் என்ற குளிசையைச் சில நிபுணர்கள் கொடுப்பதுண்டு. பழையதாகி இறுகிய திசுவுக்கு அது அதிகம் உதவாது.

எந்த முறை பொருந்தும் என்பது இரண்டு கேள்விகளில் தங்கியிருக்கிறது. உள்ளே இருப்பது கொழுப்பா சுரப்பியா? தோல் தொங்குகிறதா? 1973இல் சைமன் என்பவரும் சக வைத்தியர்களும் வகுத்த பிரிவுகளும் மார்பின் அளவையும் தோலின் தொய்வையும் வைத்தே அமைந்தவை.

1. கொழுப்பை உறிஞ்சி எடுத்தல்: லிப்போசக்‌ஷன் எனப்படும் இம்முறையில் மிகச் சிறிய துவாரத்தின் ஊடாக மெல்லிய குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். தழும்பு மிகச் சிறியது. ஆனால் இறுகிய சுரப்பியை இதனால் மட்டும் எடுப்பது கடினம்.

2. சுரப்பியை வெட்டி அகற்றல்: காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ் விளிம்பில் அரைவட்டமாகக் கீறி, உள்ளிருக்கும் சுரப்பியை அகற்றுவார்கள். 1946இல் வெப்ஸ்ரர் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் விவரித்த இந்தக் கீறல் இன்றும் பாவனையில் உள்ளது. இருண்ட தோலும் வெளிர்ந்த தோலும் சந்திக்கும் கோட்டில் இருப்பதால் தழும்பு அதிகம் தெரியாது. காம்பு உள்ளே குழிந்துவிடாதபடி அதன் கீழே சிறிதளவு திசுவை விட்டுவைப்பார்கள்.

3. இரண்டும் சேர்ந்து: பலருக்குக் கொழுப்பும் சுரப்பியும் கலந்தே இருப்பதால் இதுவே அடிக்கடி செய்யப்படுகிறது.

4. தோலையும் அகற்றல்: மிகப் பெரிதாகித் தொங்கும் மார்புக்கும், அதிக நிறையைக் குறைத்தவர்களுக்கும் இது தேவைப்படலாம். காம்பையும் இடம் மாற்றிப் பொருத்த வேண்டி வரலாம். தழும்பு நீளமாக இருக்கும்.

பொதுவாக முழு மயக்கத்தில் ஒன்று முதல் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அன்றே அல்லது மறுநாள் வீடு திரும்பலாம். நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை இறுக்கமான உள்ளாடை அணியச் சொல்வார்கள். கதிரை வேலைக்கு ஒன்று இரண்டு கிழமைகளில் போகலாம். பாரம் தூக்குவதற்கு ஆறு கிழமைகள் வரை பொறுக்க வேண்டும். கடையிலோ களஞ்சியத்திலோ வேலை செய்பவர்கள் இதற்கேற்ப விடுமுறை எடுக்க வேண்டும்.

பக்கவிளைவுகள்

உள்ளே இரத்தம் கட்டுதல், நீர் சேர்தல், கிருமித் தொற்று, காம்பில் உணர்ச்சி குறைதல், இரு பக்கமும் ஒத்திருக்காமை, காம்பு குழிதல் ஆகியன ஏற்படலாம். எங்களைப் போன்ற கருமையான தோலுள்ளவர்களில் தழும்பு தடித்து வளரும் கீலொயிட் கூடுதலாகக் காணப்படுகிறது. காது குத்திய இடத்திலோ பழைய காயத்திலோ அப்படித் தடித்திருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். புகைப்பவர்களுக்குக் காயம் ஆறத் தாமதமாகும்.

வாசகர் கேட்கக்கூடிய கேள்விகள்

*பிரித்தானியாவில் இலவசமாகச் செய்வார்களா?*
தோற்றத்துக்காக மட்டும் என்றால் தேசிய சுகாதார சேவை பொதுவாகச் செலவை ஏற்பதில்லை. விதிமுறை இடத்துக்கு இடம் மாறும். வலி, மனப் பாதிப்பு, பாடசாலைக்குப் போகாமை போன்றவற்றைக் குடும்ப வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னால்தான் அவர் உங்களுக்காக எழுத முடியும். தனியாரிடம் பல ஆயிரம் பவுண் செலவாகும்.

*தனியார் நிபுணரை எப்படித் தெரிவு செய்வது?*
ஜி.எம்.சி. எனப்படும் பொது மருத்துவச் சபையின் நிபுணர் பதிவேட்டில் அவரது பெயர் உண்டா என்று பாருங்கள். சத்திரசிகிச்சை செய்பவரே உங்களை நேரில் சந்தித்துச் சம்மதம் பெற வேண்டும், யோசிக்க அவகாசமும் தர வேண்டும். 'இன்று கையெழுத்திட்டால் கழிவு' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

*விடுமுறைக்குச் சென்னைக்கோ கொழும்புக்கோ போகும்போது செய்யலாமா?*
அங்கும் திறமையான நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆனால் இரத்தக்கட்டு முதல் நாட்களில்தான் வரும். சத்திரசிகிச்சை முடிந்த கையோடு நீண்ட விமானப் பயணம் செய்வது கால் நாளங்களில் இரத்தம் உறையும் ஆபத்தைக் கூட்டும். அங்கே சில கிழமைகள் தங்க முடியாவிட்டால் யோசியுங்கள். அகற்றிய திசு ஆய்வுகூடத்துக்கு அனுப்பப்படுமா என்று கேளுங்கள். அறிக்கைகளைக் கையோடு கொண்டு வாருங்கள்.

*செய்தபின் திரும்பவும் வருமா?*
பெரும்பாலும் வராது. நிறை மீண்டும் கூடினாலோ, ஸ்ரீரோயிட் பாவித்தாலோ, காரணமான நோய் தொடர்ந்தாலோ வரக்கூடும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இந்த நிலையில் உள்ள பையன்களில் பெரும்பாலானோருக்குக் கத்தி தேவைப்படாது. பொறுமையும் ஒரு நல்ல பரிசோதனையுமே போதும். ஆனால் வீட்டில் தம்பி தங்கையோ, மாமா சித்தப்பாவோ பகிடியாகச் சொல்லும் ஒரு சொல் அவனை வருடக்கணக்கில் அறைக்குள் பூட்டி வைக்கும். அப்பாமாரே, மகனிடம் நீங்கள் பேசுங்கள். 'இது பலருக்கும் வருகிறது, வைத்தியரிடம் போவோம், நானும் வாறன்' என்று சொல்லுங்கள்.