எஞ்சினுக்குக் கூடுதல் காற்று: சுப்பர்சார்ஜரா, டேர்போசார்ஜரா?

மாணவர்களே, "டேர்போ என்பது இனாமாகக் கிடைக்கும் வலு" என்று எழுதும் ஒருவரையாவது நான் ஒவ்வொரு மாதிரிப் பரீட்சையிலும் காண்கிறேன். அந்த வரி ஏன் முழுதும் சரியல்ல என்று பார்ப்போம். கலைப்பட்டதாரியான எனக்கும் இப்பகுதி முதலில் குழப்பமாகவே இருந்தது. கராஜ் வைத்திருந்த மாமா ஒருவர் சைக்கிள் பம்பைக் கையில் தந்த பின்னரே விளங்கியது.

எரிபொருள் எரிய ஒட்சிசன் வேண்டும். 1 கிராம் பெற்றோல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் வளி தேவை. ஆகவே உருளைக்குள் எவ்வளவு எரிபொருளை ஊற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது அங்குள்ள வளியே. உறிஞ்சல் அடிப்பில் முசலம் கீழிறங்கும்போது வளிமண்டல அமுக்கத்தில் உள்ள வளிதான் உள்ளே வரும். அதே உருளைக்கு ஒன்றரை மடங்கு அமுக்கத்தில் வளியைத் திணித்தால், வெப்பநிலை மாறாதிருப்பின், உள்ளே செல்லும் வளியின் திணிவும் ஒன்றரை மடங்காகும். எஞ்சினைப் பெரிதாக்காமலே வலுவைக் கூட்டும் வழி இதுதான்.

ஆனால் வெப்பநிலை மாறாதிருப்பதில்லை. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். நெருக்கப்பட்ட வளி சூடாகி விரிவதால், பல வாகனங்களில் அதனைக் குளிரச் செய்து எஞ்சினுக்கு அனுப்ப இன்ரர்கூலர் என்னும் பகுதி உண்டு.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். சுப்பர்சார்ஜரை எஞ்சினின் கிராங் தண்டே பெல்ட் அல்லது பற்சில்லு மூலம் சுழற்றுகிறது. எஞ்சின் சுழலத் தொடங்கியதும் அதுவும் சுழலும். காலை அழுத்தினால் உடனே பதில் கிடைக்கும். ஆனால் எஞ்சின் உண்டாக்கிய வலுவில் ஒரு பங்கை அது தின்றுவிடும். டேர்போசார்ஜரைச் சுழற்றுவது வெளியேறும் புகை. புகை ஒரு சில்லைச் சுழற்ற, அதே தண்டின் மறுமுனையிலுள்ள சில்லு வளியை நெருக்கும். வீணே போகும் சக்தி பயன்படுவதால் எரிபொருள் மிச்சம். எனினும் புகையின் பாதையில் ஒரு தடை உண்டாவதால், வெளியேற்றல் அடிப்பில் முசலம் சற்றுக் கூடுதலாகத் தள்ள வேண்டும். அதனாலேயே "இனாம்" என்பது பிழை. போதிய புகை சேர்ந்து சில்லு வேகமெடுக்கும் வரை வலு வராது. இது டேர்போத் தாமதம் எனப்படும்.

சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூஹி 1905 இல் டேர்போவுக்குக் காப்புரிமை பெற்றார் என்பதை நினைவில் வைத்திருங்கள்.

இரண்டுக்கும் நல்ல உதாரணம் எமது ரயில்வேயிலேயே இருக்கிறது. 1954 இல் இலங்கைக்கு வரத் தொடங்கிய எம்2 வகை எஞ்சின்களில் சில கனடாவின் மாகாணப் பெயர்களைத் தாங்கியவை. (யாழ்தேவி ஓடத் தொடங்கியது 1956 ஏப்ரல் 23 இல். 1990 இல் நின்ற சேவை 2014 ஒக்ரோபரில் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது.) எம்2 இல் இருப்பது 12 உருளைகள் கொண்ட ஈரடிப்பு டீசல் எஞ்சின், 1425 பரிவலு. ஈரடிப்பு டீசலில் உறிஞ்சுவதற்கென்று தனி அடிப்புக் கிடையாது. எனவே பற்சில்லால் இயங்கும் ரூட்ஸ் ஊதி வளியை உள்ளே தள்ளிப் புகையை வெளியேற்ற வேண்டும். இது சுப்பர்சார்ஜரின் குடும்பம்தான். ஆனால் இங்கு அதன் முதல் வேலை உருளையைத் துப்புரவாக்குவது. அமுக்கத்தை வெகுவாகக் கூட்டுவதல்ல.

1975 இல் மொன்றியலிலிருந்து வந்த எம்4 வகையிலும் 12 உருளைகளே. அது நான்கடிப்பு, இரு சுற்றுக்கு ஒரு முறைதான் ஓர் உருளையில் வலு அடிப்பு. ஆயினும் 1750 பரிவலு! உருளைகள் சற்றுப் பெரியவை, வேகமும் கூட என்பது உண்மை. ஆனால் டேர்போ இல்லாமல் அந்த அளவை எட்டியிருக்க முடியாது.

எம்2 ஐத் தயாரித்த நிறுவனம் 1950களின் இறுதியில் இன்னொரு வழியைக் கண்டது. தாழ்ந்த வேகத்தில் டேர்போவைப் பற்சில்லே சுழற்றும். புகை பெருகியதும் கிளச் விடுபட்டு, புகையே சுழற்றும். தெரிவு எப்போதும் இதுவா அதுவா என்று இருக்க வேண்டியதில்லை.

சென்ற வருடம் ஒரு மாணவன், தன் அண்ணன் திருநெல்வேலிச் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் பழைய டீசல் வானுக்கு டேர்போ பூட்டப்போவதாகச் சொன்னான். வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். வளியை மட்டும் கூட்டிப் பயனில்லை, டீசலையும் கூட்ட வேண்டும். கூட்டினால் அமுக்கமும் வெப்பமும் ஏறும்; அதைத் தாங்கும்படி அந்த முசலமும் ஹெட் கஸ்கற்றும் செய்யப்படவில்லை. அண்ணன் கேட்கவில்லை. சில கிழமை நன்றாக ஓடியது. பின்னர் கிளிநொச்சிக்குப் பாரமேற்றிச் சென்ற நாளில் கஸ்கற் வெடித்து நின்றது. திருத்தச் செலவு அவர்களுடைய இரண்டு மாத உழைப்பு.

பயிற்சி வினா: (அ) நாள் முழுதும் நின்று நின்று ஓடும் நகர வான், (ஆ) யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஒரே சீரான வேகத்தில் செல்லும் லொறி. டேர்போவினால் அதிகப் பயன் பெறுவது எது? புகையின் அளவைக் குறிப்பிட்டுக் காரணம் தருக.