மார்ஷல் உதவி மறுக்கப்பட்டது ஏன்?

பசித்தவன் முன்னே இலை போட்டுச் சோறு வைத்தால் வேண்டாம் என்பானா? இரண்டாம் உலகப் போர் முடிந்த இரண்டாம் ஆண்டில் சோவியத் நாடு அப்படித்தான் சொன்னது. அந்தப் போரில் ஏறத்தாழ 2 கோடியே 70 லட்சம் மக்களைப் பறிகொடுத்த நாடு அது.

1947 ஜூன் 5-ஆம் நாள் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஜார்ஜ் மார்ஷல், ஐரோப்பிய நாடுகள் கூடித் திட்டம் தீட்டினால் அமெரிக்கா உதவும் என்று அறிவித்தார். கிழக்கு ஐரோப்பாவுக்கும் அழைப்பு உண்டு. சோவியத் அமைச்சர் மாலட்டோவ் சுமார் நூறு அலுவலர்களுடன் பாரிசுக்கு வந்தார். மறுப்பதற்கென்றே வருகிறவர் இத்தனை பேரை அழைத்து வருவாரா? 1945 ஜனவரியிலேயே அமெரிக்காவிடம் 600 கோடி டாலர் கடன் கேட்டவரும் அவரே. ஆகவே, தேவை இல்லாமல் மறுத்தார்கள் என்று கொள்வதற்கில்லை.

சிக்கல் நிபந்தனையில் இருந்தது. அவரவர் தேவையை அவரவர் எழுதித் தருவோம் என்றார் மாலட்டோவ். பிரிட்டனும் பிரான்சும் அதற்கு இசையவில்லை. எல்லா நாடுகளின் வளங்களையும் ஒருங்கே கணக்கிட்டுப் பொதுத்திட்டம் வகுக்க வேண்டும் என்றன. நிலக்கரி, எஃகு, விளைச்சல் ஆகியவற்றின் கணக்கைப் பிறர் முன் விரிக்க வேண்டும்! இத்தகைய புள்ளிவிவரங்களை அரசாங்க இரகசியமாகக் காத்த நாட்டுக்கு அது ஒவ்வுமா? மேற்கு ஜெர்மனி மீண்டும் வலுப்பெறும் என்ற அச்சமும் இருந்தது. ஜூலை 2-இல் மாலட்டோவ் வெளியேறினார்.

எங்கள் ஊரில் கடலை விதைக்கும் பருவத்தில் மண்டிக்காரர் முன்பணம் தருவார். விளைந்ததை அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டும். ஓராண்டு என் தந்தை அதை வாங்க மறுத்து, பாதி நிலத்தைத் தரிசாக விட்டார். எனவே மறுத்தவனை மூடன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ஆனால், அவர் தம் நிலத்துக்கு மட்டுமே மறுத்தார்; பக்கத்து வயல்காரர் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை.

மாஸ்கோ தடுத்தது. செக்கோஸ்லோவாக்கிய அமைச்சரவை ஜூலை முதல் வாரத்தில் பாரிஸ் மாநாட்டுக்குச் செல்ல ஒருமனதாக இசைந்தது. பிரதமர் காட்வால்ட் பொதுவுடைமைக் கட்சியினர்; அவரும் அப்போது எதிர்க்கவில்லை. ஜூலை 9-இல் அவரும் வெளியுறவு அமைச்சர் யான் மசாரிக்கும் ஸ்டாலினைச் சந்தித்தனர். மாநாட்டில் கலந்துகொள்வது சோவியத் நாட்டுக்குப் பகையான செயலாகக் கருதப்படும் என்றார் ஸ்டாலின். மறுநாளே பிராகு அரசு தன் இசைவைத் திரும்பப் பெற்றது. கிழக்கு ஐரோப்பா மேற்கோடு வாணிகத்தால் பிணைந்தால் தன் பிடி தளரும் என்பதே மாஸ்கோவின் கவலை என எண்ணுகிறேன்.

அமெரிக்காவும் தருமத்துக்காக மட்டும் கொடுக்கவில்லை. தன் சரக்குக்குச் சந்தையும், பொதுவுடைமைக் கட்சிகளுக்குத் தடையும் அதற்குத் தேவைப்பட்டன. எனினும் 16 நாடுகள் சேர்ந்து திட்டம் தீட்டின. 1948 முதல் 1952 வரை ஏறத்தாழ 1,300 கோடி டாலர் மேற்கு ஐரோப்பாவுக்குச் சென்றது.

செக் மக்களுக்கு அந்த 1947 வறட்சி ஆண்டாகவும் அமைந்தது. மேற்கின் உதவி போன இடத்தில் சோவியத் தானியம் வந்தது. 1948 பிப்ரவரியில் ஆட்சி முழுவதும் பொதுவுடைமைக் கட்சியின் கைக்குப் போயிற்று. மார்ச் 10-ஆம் நாள் காலை, வெளியுறவு அமைச்சகச் சன்னலுக்குக் கீழே முற்றத்தில் மசாரிக் இறந்து கிடந்தார்.