நவாப் வீட்டில் மியூசிக் கிளாஸ்!

நம்ம காலேஜ் கட்டடத்துக்கு என்ன ஹிஸ்டரி இருக்கும்? மிஞ்சிப் போனா, ‘இங்கே முன்னாடி வயக்காடு தம்பி’ என்பார் வாட்ச்மேன். லக்னோ, கைசர்பாக்கில் இருக்கும் பாத்கண்டே பல்கலைக்கழகத்தின் கதையே வேற!

அந்தக் கட்டடத்தின் பெயர் ‘பரிகானா’... அதாவது, தேவதைகளின் வீடு. அவத் நவாப் வாஜித் அலி ஷா, பெண்களுக்கு ஆட்டமும் பாட்டும் சொல்லித்தர வாத்தியார்களை வைத்திருந்த இடம். மனுஷன் வெறும் ரசிகர் இல்லை. கதக் கற்றவர், ‘அக்தர்பியா’ என்ற பெயரில் தும்ரி எழுதியவர். அதுவே வினையானது! ‘ஆட்சியைக் கவனிக்காம ஆட்டம் பாட்டத்திலேயே கிடக்கிறார்’ என்பதையும் குற்றப்பட்டியலில் சேர்த்து, 1856-ல் நாட்டையே பிடுங்கிக்கொண்டது கிழக்கிந்தியக் கம்பெனி. கல்கத்தா போன நவாப், 1887-ல் அங்கேயே இறந்துபோனார்.

சரியா 70 வருஷம் கழித்து, 1926-ல் அதே லக்னோவில் ஒரு மியூசிக் காலேஜ். ஆரம்பித்த விஷ்ணு நாராயண் பாத்கண்டே, படிப்பால் வக்கீல். காலேஜுக்கு வைத்த பெயர்தான் செம காமெடி... ‘மாரிஸ் காலேஜ்’! வில்லியம் மாரிஸ், அப்போதைய பிரிட்டிஷ் கவர்னர். பாட்டைக் குற்றம் சொல்லி ராஜாவை அனுப்பினவங்க பேரில் பாட்டு காலேஜ்! அது பிற்பாடு குடியேறியது பரிகானாவில். சுதந்திரத்துக்குப் பிறகு பாத்கண்டே பெயர் வந்தது; 2000-ல் நிகர்நிலை, 2022-ல் மாநிலப் பல்கலைக்கழகம்.

அந்தக் கால உஸ்தாத்கள் பலருக்குப் பாட்டு என்பது குடும்பச் சொத்து. வெளியாளுக்கு லேசில் சொல்லித்தர மாட்டாங்க. பாத்கண்டே ஊர் ஊரா அலைந்து பாடல்களைச் சேகரித்து, ஸ்வரக் குறிப்போட 6 பாகமா அச்சடித்தே விட்டார். 1904-ல் நம்ம எட்டயபுரத்துக்கும் வந்து சுப்பராம தீட்சிதரைப் பார்த்திருக்கார். நம்ம 72 மேளகர்த்தாவை அலசிப் பார்த்தவர், ஹிந்துஸ்தானி ராகங்களை 10 ‘தாட்’டுக்குள் அடக்கினார். (‘அதுக்குள்ள அடங்காத ராகம் இருக்கே பாஸ்!’ என்ற சண்டை இன்னும் ஓயலை.)

பாட்டுக்கு சிலபஸா, மார்க்கா? நியாயமான கேள்விதான். மார்க் வாங்கினவன் எல்லாம் இன்ஜினீயரா என்ன? ஆனா, அப்பா உஸ்தாத் இல்லாத பையனும் பொண்ணும் அப்ளிகேஷன் போட்டு உள்ளே போக முடிந்ததே! கஜல் பாடகர் தலத் மஹ்மூத் அப்படிப் படித்தவர்தான்.

எனக்குப் பிடித்தது பேகம் அக்தர் மேட்டர். அவர் வந்தது தவாயிஃப் மரபில். கிட்டத்தட்ட நம்ம ஊர் தேவதாசிகள் மாதிரி, கலையைக் கொண்டாடிவிட்டு ஆளை ஒதுக்கிவைத்த கூட்டம் அது. தும்ரியும் கஜலும் பாடிப் பேர் வாங்கிய அந்தப் பெண்மணி, பின்னாளில் இதே காலேஜில் வருகைப் பேராசிரியர்!