முறிந்த தோள் மீண்டும் உழைப்பதற்கு

மழை நாளில் மலைச் சரிவில் கால் வழுக்கினால், நாம் நினைக்கும் முன்னரே கை நிலத்தில் ஊன்றிவிடுகிறது. உடலின் பாரம் முழுவதும் அந்தக் கையில் இறங்குகிறது. மணிக்கட்டு தப்பினாலும் தோள் முறிந்துவிடலாம். சமநிலத்தில் வயல் செய்து பழகி, இடம்பெயர்ந்து வந்து, இன்று ஹட்டன், நுவரெலியாப் பகுதித் தோட்டங்களில் நாட்சம்பளத்துக்குப் போகும் குடும்பங்களுக்கு இந்தச் சரிவும் பாசி பிடித்த கற்படிகளும் இன்னும் பழகாதவை. காணியை இழந்த குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் சொத்து இரண்டு கைகளே. ஆகவே தோள்முறிவைப் பற்றி அறிந்திருப்பது அவசியம்.

கொழுந்து பறிப்பவர், பறித்ததைத் தோளுக்கு மேலாக முதுகுக் கூடைக்குள் எறிய வேண்டும். அதற்குக் கை உயரவும் வேண்டும், பின்புறமாகத் திரும்பவும் வேண்டும். முறிந்து ஆறிய தோள் பெரும்பாலும் இழப்பது இந்த இரண்டு அசைவுகளையே. எலும்பு நன்றாக ஒட்டியிருக்கும், ஆனால் கை தோளுக்கு மேலே எழும்பாது. இப்படி ஏன் நடக்கிறது?

தோளுக்குள் நடப்பது

மேற்கை எலும்பின் தலை ஒரு பந்து போன்றது. அது ஆழமில்லாத ஒரு குழியில் பொருந்தியிருக்கிறது. அதனால்தான் உடலிலுள்ள மூட்டுகள் எல்லாவற்றிலும் தோளே அதிகமாகச் சுழல்கிறது. இந்த மூட்டைச் சுற்றி மெல்லிய பை போன்ற ஒரு சவ்வு உண்டு. கையை வாரக்கணக்கில் அசையாமல் வைத்தால் அந்தச் சவ்வு சுருங்கி இறுகுகிறது, தசைகளும் மெலிகின்றன. எலும்பு தானாக ஒட்டும். அசைவு தானாக வராது. அதைப் பயிற்சியால் மீட்க வேண்டும். இதற்கு வழிகாட்டுவதே இயன்மருத்துவம்.

வைத்தியசாலையில்

தோள்முறிவுக்குப் பெரும்பாலும் பிளாஸ்டர் போடுவதில்லை. எக்ஸ்ரே படம் பார்த்து, தூக்குத் துணியில் கையைக் கழுத்தோடு மாட்டி அனுப்புவார்கள். “ஒன்றுமே செய்யாமல் அனுப்பிவிட்டார்கள்” என்று எண்ண வேண்டாம். எலும்பு இடம் விலகிய 250 பேரை வைத்து பிரித்தானியாவில் நடத்தப்பட்ட ஆய்வு 2015இல் வெளிவந்தது. சத்திர சிகிச்சை பெற்றவர்களையும் தூக்குத் துணியோடு இருந்தவர்களையும் இரண்டு வருடம் கவனித்ததில், கையின் பயன்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. இரு பகுதியினருக்கும் இயன்மருத்துவம் கிடைத்திருந்தது. ஆனாலும் சில முறிவுகளுக்குச் சத்திர சிகிச்சை கட்டாயம் தேவைப்படும். அதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

எண்ணெய் போட்டு உருவுவதும், இறுக்கிப் பத்துக் கட்டுவதும் புதிய முறிவுக்கு ஆபத்தானவை. எலும்புத் துண்டு விலகி, அருகிலுள்ள நரம்பையும் இரத்தக் குழாயையும் தாக்கக்கூடும். முதலில் எக்ஸ்ரே எடுங்கள். நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலை, டிக்கோயா ஆதார வைத்தியசாலை போன்ற அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. துண்டு எழுதும்போதே, “இயன்மருத்துவரிடம் எப்போது, எங்கே போக வேண்டும்?” என்று கேளுங்கள்.

வீட்டில் செய்யும் பயிற்சிகள்

முதல் நாளிலிருந்தே: விரல்களை மடக்கி விரியுங்கள். மணிக்கட்டையும் முழங்கையையும் அசையுங்கள். இரவில் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து படுத்தால் வலி குறையும். நீலக் கன்றல் முழங்கை வரை இறங்கலாம், அதற்காகப் பயப்பட வேண்டாம்.

வைத்தியர் அனுமதித்ததும், அநேகமாக முதல் இரண்டு, மூன்று வாரங்களுக்குள்: நல்ல கையால் மேசையைப் பிடித்துக் குனிந்து நில்லுங்கள். மற்றக் கை கிணற்று வாளிக் கயிறுபோலத் தளர்ந்து தொங்கட்டும். உடலை மெல்ல அசைத்தால் கை தானாக ஊசலாடும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரச் சத்திர சிகிச்சை நிபுணர் ஏர்னஸ்ட் கொட்மன் 1934இல் தோளைப் பற்றி ஒரு பெரிய நூலை வெளியிட்டார். இந்தப் பயிற்சி இன்றும் அவர் பெயரால் அறியப்படுகிறது.

மூன்று முதல் ஆறு வாரம் வரை: மல்லாந்து படுத்து, ஒரு தடியை இரு கைகளாலும் பிடியுங்கள். நல்ல கையின் பலத்தால் மற்றக் கையை மெல்ல மேலே கொண்டுபோங்கள்.

ஆறு வாரத்தின் பின்: சுவரை நோக்கி நின்று, விரல்களால் சுவரில் ஏறுங்கள். எட்டிய இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். வாரத்துக்கு வாரம் கோடு உயர்வதைக் கண்ணால் காணலாம்.

ஒவ்வொன்றையும் பத்துத் தடவை, நாளுக்கு மூன்று நான்கு முறை செய்தால் போதும். இயன்மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள். பயிற்சியின்போது சிறிது வலிக்கும். அரை மணித்தியாலத்தில் அடங்கினால் தொடரலாம். இரவு முழுவதும் வலித்தால் மறுநாள் குறையுங்கள். விறகுக் கட்டு, தண்ணீர்க் குடம், மண்வெட்டி ஆகியவற்றை ஏறக்குறைய மூன்று மாதம் வரை, வைத்தியர் சொல்லும்வரை தொடாதீர்கள்.

விரல்கள் மரத்துப்போதல், குளிர்ந்து நீலமாதல், காய்ச்சல், தோளின் உருவம் மாறுதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள்.

குடும்பத்தின் பங்கு

தோள் முழுமையாகத் தேறப் பல மாதங்கள் செல்லும், சிலருக்கு ஒரு வருடமும் ஆகும். பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லாததால், கட்டு அவிழ்ந்த மறுநாளே மலைக்குப் போக வேண்டிய நெருக்கடி வருகிறது. போகாவிட்டாலும் வீட்டில் சமையலும் தண்ணீரும் விறகும் அந்தப் பெண்ணின் தலையிலேயே விழுகின்றன. வீட்டு ஆண்களும் பிள்ளைகளும் அவற்றை ஏற்று, பயிற்சிக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பதும் மருந்துதான்.

வேலையின்போது விழுந்தால், அன்றைக்கே கங்காணிக்கும் தோட்டக் காரியாலயத்துக்கும் அறிவியுங்கள். வைத்தியசாலைத் துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். வேலையில் காயமடைந்தவருக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் 1934இல் இயற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் வேலைக்குப் போய்வரும் வழியில் நேரும் விபத்தையும் அதில் சேர்த்தது. தொழிற்சங்கப் பிரதிநிதியையோ தொழில் திணைக்கள அலுவலகத்தையோ நாடி உங்கள் உரிமையைக் கேளுங்கள்.

உங்கள் லயத்தில் இன்று யாராவது கையைத் தூக்குத் துணியில் மாட்டியிருந்தால், இயன்மருத்துவரிடம் போனாரா என்று கேட்டுப் பாருங்கள். போகவில்லையானால், துணைக்கு ஒருவர் கூடப் போங்கள்.