கவுன்சிலரே இல்லாத ஊரில் பிளாட்பாரத்தை யாரிடம் கேட்பது? சாரம்வாசிகளே, ஓர் இன்ச் டேப் எடுங்க!

சாரத்திலிருந்து புது பஸ் ஸ்டாண்டுக்கு எப்படிப் போவீர்கள்? பெரும்பாலான வீடுகளில் ஒரே பதில்தான்... 'வண்டியை எடு!' தூரம் என்னவோ இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான். நடந்தால் அரை மணி நேரம், சைக்கிள் மிதித்தால் பத்து நிமிஷம். ஆனாலும் வண்டிதான். பால் வாங்க வண்டி, பக்கத்துத் தெரு டியூஷனுக்கு வண்டி, காலையில் 'வாக்கிங்' போகிற மைதானம் வரைக்கும்கூட வண்டி.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது ஈஸி. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் சாயங்காலம் காமராஜர் சாலையில் வண்டி இல்லாமல் நடந்து பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. வாய்க்கால் சிலாப் மேல் ஏறு, நான்கடி நட, கடை வாசலில் நிற்கிற பைக்குகளைச் சுற்றிக்கொண்டு ரோட்டில் இறங்கு, பின்னால் வருகிற ஹாரனுக்குப் பயந்து மறுபடி ஏறு. கையில் ஒரு குழந்தையோ, முழங்கால் வலியோ இருந்தால் இந்த ஏறு-இறங்கு விளையாட்டு நடக்காது. நம் அம்மாக்கள் நடப்பதை நிறுத்தியதற்குக் காரணம் கால் மட்டுமில்லைங்க.

இதே ஊரில்தான் கடற்கரைச் சாலையும் இருக்கிறது. தினமும் மாலை 6 மணியிலிருந்து காலை 7.30 வரை அங்கே வண்டிக்கு அனுமதி கிடையாது. குழந்தைகள் ஓடுகிறார்கள், தாத்தாக்கள் கை வீசி நடக்கிறார்கள், யாரும் திரும்பித் திரும்பிப் பார்ப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ரோடு முழுக்க மனுஷங்கதான். புதுச்சேரி ஒன்றும் முடங்கிவிடவில்லையே! வெளியூர்க்காரர் ஒயிட் டவுனில் வாடகை சைக்கிள் எடுத்துச் சுற்றி, போட்டோ போடுகிறார். சாரத்துப் பிள்ளை டியூஷனுக்கு சைக்கிள் கேட்டால், 'ரோட்ல விட பயமா இருக்கு'னு அம்மா மறுக்கிறார். இரண்டு இடத்துக்கும் நடுவில் சில கிலோமீட்டர்கள்தான் வித்தியாசம்.

பயம் வீண் பயமும் இல்லை. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 32,825 பேர் வெறுமனே நடந்து போனவர்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்.

சரி, யாரிடம் கேட்பது?

இங்கேதான் நம் ஊரின் தனிப் பிரச்னை வருகிறது. மற்ற ஊரில் தெரு விளக்கு எரியவில்லை என்றால் வார்டு கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006-ல்தான். 38 வருஷ இடைவெளி! அப்போது ஜெயித்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் தேதியெல்லாம் அறிவித்தார்கள். இடஒதுக்கீடு வழக்கில் சிக்கி அதுவும் நின்றுபோனது. ஆக, இன்றைக்கு இருபது வயதில் இருக்கும் ஒரு சாரம் பெண்ணுக்கு, ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் என்றால் என்னவென்றே தெரியாது. நகராட்சியை நடத்துவது அதிகாரிகள். எம்.எல்.ஏ-வுக்கோ சிலாப் உடைந்ததிலிருந்து சட்டசபை வரை ஆயிரம் வேலை.

இன்னொரு சிக்கல், ஒரே ரோட்டுக்குப் பல சொந்தக்காரர்கள். பொதுவாகப் பெரிய சாலைகள் பொதுப்பணித் துறையின் கையில். உள் தெருக்கள் நகராட்சியிடம். சாரம் பக்கம் என்றால் உழவர்கரை நகராட்சி. ரோட்டோரக் கம்பம் மின்துறையுடையது, ஜீப்ரா கிராஸிங்கில் வண்டியை நிறுத்த வேண்டியது டிராஃபிக் போலீஸ். ஓர் இடத்தில் மனு கொடுத்தால், 'இது எங்க ரோடு இல்லைங்க' என்று அடுத்த ஆபீஸைக் கை காட்டுவது சகஜம். பாதிப் பேர் இரண்டாவது ஆபீஸிலேயே களைத்துவிடுகிறார்கள்.

கவுன்சிலர் செய்ய வேண்டிய அலைச்சலை யாராவது செய்துதானே ஆகவேண்டும்? அதனால்தான் இங்கே அக்கம்பக்கத்து ஆட்கள் சேர்வது பொழுதுபோக்கு சமாசாரம் இல்லை. நகர் நலச்சங்கம், மகளிர் குழு, பள்ளிப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குரூப்... எது இருந்தாலும் சரி, எதுவும் இல்லையென்றால் ஒரே தெருவின் ஐந்து வீடுகள் போதும்.

ஐந்து வீட்டால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? இன்று 'சைக்கிள் நாடு' என்று நாம் வாயைப் பிளக்கிற நெதர்லாந்து பிறக்கும்போதே அப்படி இல்லை. 1971-ல் அங்கே சாலை விபத்தில் இறந்தவர்கள் சுமார் 3,300 பேர். அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். கார் பெருகி, தெரு சுருங்கிக்கொண்டிருந்த காலம். ஆம்ஸ்டர்டாமில் நெரிசலான ஒரு பழைய குடியிருப்புப் பகுதியின் பள்ளிப் பிள்ளைகள், 1972-ல் 'எங்களுக்கு விளையாடத் தெரு வேணும்' என்று வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினார்கள், தெருவை மறித்தார்கள், கார்க்காரர்களிடம் திட்டும் வாங்கினார்கள். அதே காலத்தில் பெற்றோர்கள் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் தொடங்கி நாடு முழுக்கக் கொண்டு போனார்கள். எல்லாமே தெருவில் ஆரம்பித்ததுதான்.

அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால் பெங்களூரைப் பாருங்கள். 2013 அக்டோபரில் கப்பன் பார்க் பக்கம் 'சைக்கிள் டே' தொடங்கினார்கள். பிறகு அது குடியிருப்புப் பகுதிகளுக்குப் பரவியது. அந்தந்த ஏரியாவாசிகளே ஞாயிறு காலையில் சில மணி நேரம் ரோட்டை வாங்கி, தடுப்பு வைத்து, பிள்ளைகளை சைக்கிள் விடவைத்தார்கள். சென்னை மாநகராட்சி 2014-ல், போக்குவரத்து நிதியில் 60 சதவிகிதத்தையாவது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் செலவிட வேண்டும் என்று ஒரு கொள்கையே எடுத்தது. 2019-ல் திறந்த தி.நகர் பாண்டி பஜார் அகல நடைபாதை அந்த வழியில் வந்ததுதான். கட்டுவதற்கு முன்பே தற்காலிகத் தடுப்பு வைத்து, மக்களை நடக்கவிட்டுச் சோதித்தும் பார்த்தார்கள். 'வண்டி நிறுத்த இடமில்லைன்னா வியாபாரம் படுத்துடுமே' என்ற கடைக்காரர்களின் பயத்துக்கு, வாய் வார்த்தையைவிட நேரில் காட்டுவதுதான் பதில்.

டேப்போடு ஒரு நடை

முதல் வேலை மனு எழுதுவது இல்லை. நடப்பது. ஒரு ஞாயிறு காலை, இல்லையென்றால் பள்ளி விடும் நேரம். உங்களோடு ஒரு பாட்டி, ஒரு ஸ்கூல் பையன், முடிந்தால் வீல்சேர் பயன்படுத்துகிற ஒருவர் வரட்டும். பிரச்னையைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை, குறித்துக்கொள்வது உங்கள் வேலை. வாலிபர்கள் மட்டும் போனால் எல்லா சிலாப்பையும் தாண்டிவிட்டு, 'ஒண்ணும் பிரச்னையில்லையே' என்று வந்துவிடுவார்கள்.

கையில் இன்ச் டேப். இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012-ம் ஆண்டு விதிமுறைப்படி, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையில்லாத இடம் குறைந்தது 1.8 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட ஆறடி இருக்க வேண்டும். கடைத்தெருவில் 2.5 மீட்டர். நடைபாதையின் உயரம் 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அரை அடி, அவ்வளவுதான்! நம் ஊரில் சில இடத்தில் முழங்காலைத் தொடுகிற உயரத்தில் கட்டிவைத்துவிட்டு, 'போட்டுத்தானே இருக்கு, மக்கள் நடக்க மாட்டேங்கிறாங்க' என்பார்கள்.

'நடைபாதை சரியில்லை' என்று எழுதினால் அது குறை. 'இந்தக் கடைக்கு எதிரே, விதிப்படி 1.8 மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் 60 சென்டிமீட்டர்தான் இருக்கிறது, போட்டோ இணைப்பு, தேதி இது' என்று எழுதினால் அதிகாரி பதில் சொல்லியே ஆகவேண்டிய கடிதம். பதினான்கு பிரச்னைகளை ஒரே மனுவில் அடுக்காதீர்கள். ஒரு மனுவுக்கு ஒரே பிரச்னை. பெற்றுக்கொண்டதற்கு சீல் வாங்காமல் கிளம்பாதீர்கள்.

ரோடு யாருடையது என்றே தெரியவில்லையா? அதற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். 'இந்தச் சாலை எந்தத் துறையின் பராமரிப்பில் இருக்கிறது, கடைசியாக எப்போது, எவ்வளவு செலவில் வேலை நடந்தது?' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதில் கைக்கு வந்துவிட்டால், ஆபீஸ் ஆபீஸாக அலையவிடுவது அவ்வளவு சுலபமில்லை.

சட்டமும் உங்கள் பக்கம்தான். 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம், நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை என்பது அரசியல் சாசனம் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொல்லியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும் என்றும் சொன்னது. மனுவில் இந்தத் தேதியை ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

'ஆக்கிரமிப்பு' என்றதும் எல்லோரும் வண்டிக்கடை அக்காவைப் பார்க்காதீர்கள், ப்ளீஸ். தெரு வியாபாரிகளுக்கு 2014-லேயே பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. அவர்களுக்கு இடம் ஒதுக்கவேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பு. ராத்திரி எட்டரை மணிக்கு டெம்போவில் இறங்கித் தனியாக நடக்கிற பெண்ணுக்கு, விளக்கு எரிகிற ஒரு இட்லிக்கடைதான் தைரியம். நான் டேப்போடு நடந்த தெருக்களில் அதிகம் இடத்தைப் பிடித்திருந்தது எது தெரியுமா? கார் ஏறுவதற்காக வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்குள் நீட்டிக் கட்டிய சாய்தளங்கள். ஆமாம், நம் வீட்டுடையதுதான். சங்கத்து ஆட்கள் முதலில் தங்கள் வாசலில் டேப்பை வைத்துவிட்டு ஆபீஸுக்குப் போவது நல்லது. இல்லையென்றால் அங்கே முதல் கேள்வியே அதுவாக இருக்கும்.

காசே இல்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. ஒரே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளைத் தெருமுனையில் சேர்த்து, தினம் இரண்டு பெற்றோர் முறைவைத்து முன்னும் பின்னும் நடத்திக் கூட்டிப் போவது. வெளிநாடுகளில் 'வாக்கிங் ஸ்கூல் பஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பத்துப் பிள்ளை வரிசையாக ரோட்டைக் கடந்தால் வண்டி நிற்கும். ஒற்றைப் பிள்ளைக்கு நிற்காது.

டெம்போவுக்கும் இதே கணக்குதான். கை காட்டினால் எங்கே வேண்டுமானாலும் நிற்பது நமக்கு வசதி. ஆனால் நட்ட நடு வளைவிலும் நிற்கிறதே! எந்த இடத்தில் ஆட்கள் அதிகம் ஏறி இறங்குகிறார்கள் என்று ஒரு வாரம் காலை, மாலை எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையோடு போய், 'இங்கே ஒரு நிறுத்தம், ஒரு நிழற்குடை, ஒரு விளக்கு' என்று கேளுங்கள்.

அவசரம் ஏன்?

2025 அக்டோபரில் இந்திரா காந்தி சிலையிலிருந்து ராஜீவ் காந்தி சிலை வரை சுமார் 4 கிலோமீட்டருக்கு உயர்மட்டப் பாலம் கட்ட அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பு 436 கோடி ரூபாய். அந்த இரண்டு சிக்னலிலும் தினம் வெந்துபோகிறவர்களுக்குப் பாலம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால், மேலே வண்டி பறக்கும்போது கீழே சாரத்திலிருந்து எதிர்ப்பக்கம் கடக்கிறவர் எங்கே கடப்பார்? பஸ்ஸும் டெம்போவும் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிற்கும்? வேலை நடக்கும் மாதங்களில், பள்ளி விடுகிற நேரத்துக்கு மாற்று வழி எது? பாலத்தின் அடியில் விளக்கு உண்டா?

இந்தக் கேள்விகளைத் தூண் எழும்பிய பிறகு கேட்டால், 'டிசைன்ல இல்லைங்களே' என்ற பதில்தான் வரும். அதனால் உங்கள் முதல் நடையை காமராஜர் சாலையில் தொடங்கி, ராஜீவ் காந்தி சிலையில் முடித்துக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் மக்கள் இப்போது ரோட்டைக் கடக்கிறார்கள் என்று ஒரு தாளில் படமாகப் போட்டு, ஒரு மணி நேரத்துக்கு எத்தனை பேர் என்று பக்கத்தில் எழுதுங்கள். ஒரு பிரதி பொதுப்பணித் துறைக்கு, ஒன்று டிராஃபிக் போலீஸுக்கு, ஒன்று எம்.எல்.ஏ அலுவலகத்துக்கு. மூன்றிலும் சீல் வாங்க மறக்காதீர்கள்.